நத்தார் மரத்துக்குப் பெயர் தைத்த சோடனைகள்: அளவு, எழுத்து, மாரி ஈரம்

மலர்க்கொடி

குடும்பத்து ஆக்களுக்கு நத்தார் பரிசாக, கையால் பெயர் தைத்த மரச் சோடனை பன்னிரண்டு செய்யப் போகிறேன். ஃபெல்ட் துணியில் (நெய்யாமல் அமுக்கிச் செய்த தடித்த துணி) வட்டம். முன்பக்கம் தமிழில் பெயரும் சின்னதொரு வேலைப்பாடும், பின்பக்கம் ஆண்டு, உள்ளே கொஞ்சம் பஞ்சு, மேலே நாடா. பின் தையல், சங்கிலித் தையல், பிரெஞ்சு முடிச்சு, ஓரத்துக்குக் கம்பளித் தையல் எல்லாம் போடத் தெரியும். கேட்க வேண்டியது நாலு விஷயம்.

வட்டம் எந்த அளவில் வெட்டினால் துணி வீணாகாது? ண, ஞ, இ மாதிரிச் சுருள் எழுத்துகள் சின்ன அளவில் அடைபடாமல் எப்படித் தைப்பது? கடும் சிவப்பு, கடும் பச்சை ஃபெல்ட்டில் எழுத்தை எதால் பதிப்பது? இங்கே திருகோணமலையில் கார்த்திகை, மார்கழி மழைக்குள் செய்து முடித்ததைப் பூஞ்சணம் பிடிக்காமல் எப்படி வைத்திருப்பது? இதில் நாலு கனடாவுக்குப் பார்சலில் போகும். பெயர்களில் ஆகச் சின்னது யூட், ஆக நீளமானது கிறிஸ்ரினா.

நூற்கண்டு

மலர்க்கொடி, வட்டத்தின் அளவை முதலில் முடிவு செய்யாதீங்கோ. பன்னிரண்டு பெயரையும் ஒரு தாளில் ஒரே அளவு எழுத்தில் எழுதி, அடிமட்டத்தால் அகலத்தை அளந்து பாருங்கோ. நீளமான பெயர்தான் வட்டத்தின் அளவைச் சொல்ல வேணும். முதலே வெட்டி வைத்த வட்டத்துக்குள் பெயரை நெருக்கினால் எழுத்து சிறுத்து, மரத்தில் தொங்கும்போது ஒருவராலும் வாசிக்க முடியாமல் போகும்.

துணிக் கணக்கு இது. ஏ4 அளவு ஃபெல்ட் தாள் 21 × 29.7 செ.மீ. அதில் 7.5 செ.மீ. வட்டம் நேர் வரிசையில் ஆறுதான் வரும். 6.8 செ.மீ. என்று எடுத்தால் குறுக்கே மூன்று, நெடுக நாலு, மொத்தம் பன்னிரண்டு வட்டம். ஒரு சோடனைக்கு முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்றால் ஒரு தாளில் ஆறு சோடனை. உங்களுக்கு இரண்டு தாள் போதும், பிழைத்தால் மாற்ற இன்னொரு தாள் கையில் இருக்கட்டும். கடைத் தாள் சில வேளை 20 செ.மீ. அகலம்தான் இருக்கும். அப்படியென்றால் 6.5 செ.மீ. வட்டம்.

தடிப்பு 1.5 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை நல்லது. 1 மி.மீ. துணி பஞ்சு அடைத்தவுடன் எழுத்தைச் சுற்றிச் சுருங்கும். 3 மி.மீ. இரண்டு சேர்ந்தால் ஓரம் வாய் பிளந்து நிற்கும், ஊசி இழுக்க விரல் நோகும். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கோ. அங்கங்கே மெலிந்து வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அந்தத் தாள் வேண்டாம், தைக்கும்போது அந்த இடம்தான் முதலில் கிழியும்.

ஒரு முக்கியமான விஷயம்: வெட்டிவிட்டுத் தைக்க வேண்டாம். முழுத் தாளிலும் வட்டங்களைக் கீறி, பெயரையும் வேலைப்பாட்டையும் தைத்து முடித்த பிறகு வெட்டுங்கோ. தைத்த இடம் எப்படியும் ஒன்றிரண்டு மி.மீ. உள்ளே இழுபடும். முதலே வெட்டியிருந்தால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். ஃபெல்ட்டுக்கு எம்பிராய்டரி வளையமும் தேவையில்லை. துணிக்கே விறைப்பு இருக்கு. வளையத்தில் பூட்டினால் அதன் தடம் நசுங்கி நிற்கும், அதை எடுப்பது பெரும்பாடு.

உப்புவெளி அக்கா

எழுத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பெயர்தான் இந்தப் பரிசின் உயிர், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

6.8 செ.மீ. வட்டத்தில் ஓரத் தையல் 4 மி.மீ. உள்ளே வரும். அதற்கும் எழுத்துக்கும் இடையில் இன்னும் 5 மி.மீ. வெறுமை விட வேணும். ஆக நடுவில் தைக்கக் கிடைப்பது 5 செ.மீ. அகலம். நடுவிலிருந்து 1.5 செ.மீ. கீழே போனால் அந்த 5 செ.மீ. 4 செ.மீ. ஆகிவிடும். பெயரை அடியில் போட நினைக்கிற ஆக்கள் இதை மறந்துவிடுவினம்.

எழுத்தின் உடல் உயரம் 10 மி.மீ. இருந்தால் எல்லா எழுத்தும் துப்புரவாக வரும். ஆகக் குறைந்தது 8. கொம்பும் சுழியும் மேலே கீழே போகிறதற்கு இன்னும் 4, 5 மி.மீ. தனியாக விட வேணும். 10 மி.மீ. உயரத்தில் அ, ன இரண்டும் ஏறத்தாழ 12, 13 மி.மீ. அகலம் பிடிக்கும், ர வெறும் 5 மி.மீ. அன்ரனி என்ற பெயர் எழுத்துக்கு எழுத்து 2 மி.மீ. இடைவெளியோடு சரியாக 5 செ.மீ. வரும். யூட் தாராளமாக நிற்கும். கிறிஸ்ரினா ஒரு வரியில் வரவே வராது. அதை "கிறிஸ்" ஒரு வரி, "ரினா" ஒரு வரி என்று பிரித்தால் பெயர் பெயராகவே இராது. அப்படியான பெயருக்கு வடிவத்தை மாற்றுங்கோ: 9 செ.மீ. நீளம், 5 செ.மீ. உயரத்தில் ஒரு நீள்வட்டம், அல்லது படுக்கையாகக் கிடக்கும் மீன் வடிவம். மற்றப் பதினொன்றும் வட்டமாக இருந்து ஒன்று வேறு வடிவமாக இருந்தால் குறையில்லை.

நூல் இரண்டு இழை. எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் இரண்டைப் பிரித்து எடுக்கும்போது, ஒவ்வொன்றாக உருவி எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கோ. இரண்டையும் ஒன்றாக இழுத்தால் முறுக்கு அப்படியே இருக்கும், கோடு கயிறாகத் தடிக்கும். இரண்டு இழையில் தைத்த கோடு ஏறத்தாழ 1 மி.மீ. தடிப்பு. அதனால் சுருளுக்கு உள்ளே குறைந்தது 2 மி.மீ. வெளி இருந்தால்தான் அது சுருளாகத் தெரியும். எழுத்து அடைபடுவதற்குக் காரணம் முக்கால்வாசி இதுதான். எழுத்து சின்னதென்றால் இழையை ஒன்றாகக் குறையுங்கோ, தையலை நெருக்க வேண்டாம்.

நேர் கோட்டில் தையல் நீளம் 3 மி.மீ., வளைவில் 1.5 முதல் 2 மி.மீ. சுருள் முனையில் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். ஒரே நீளத்தில் தைத்துக்கொண்டு போனால் ண-வின் வளைவு மூலை மூலையாக உடையும்.

பாலையூற்று

அக்கா, பின் தையலைவிட, ஒரு தையல் அடுத்ததோடு பாதி சேர்ந்து கயிறு போல ஓடுகிற தண்டுத் தையல் வளைவுக்கு நன்றாக ஓடுமல்லவா? பின் தையலில் துண்டு துண்டாகத் தெரிகிறதே.

உப்புவெளி அக்கா

15 மி.மீ.க்கு மேற்பட்ட எழுத்துக்குத் தண்டுத் தையல்தான் அழகு. 10 மி.மீ. எழுத்தில் அது சுருளுக்குள் திரும்பும்போது ஒரு பக்கம் தடித்துவிடும். நூல் எப்போதும் வளைவின் வெளிப்பக்கம் நிற்க வேணும், தமிழ் எழுத்தோ ஒரே எழுத்துக்குள் இடமும் வலமும் மாறி மாறி வளையும். ஒவ்வொரு முறையும் நூலைப் பக்கம் மாற்றினால் அந்த இடம் முடிச்சுப் போலத் தெரியும்.

துண்டு துண்டாகத் தெரிவதற்கு மருந்து இருக்கு. பின் தையலை முடித்த பிறகு, அதே நிறத்தில் இன்னொரு நூலை எடுத்து ஒவ்வொரு தையலுக்கும் அடியால் நுழைத்துச் சுற்றிக்கொண்டு போங்கோ. எல்லாம் ஒரே திசையில், மேலிருந்து கீழே. ஊசி துணியைக் குத்தக் கூடாது. அதற்கு முனை மழுங்கிய குறுக்குத் தையல் ஊசி, 24 அல்லது 26 இலக்கம் நல்லது. அது இல்லாவிட்டால் சாதாரண ஊசியின் காதுப் பக்கத்தை முன்னே விட்டுத் தள்ளுங்கோ. சுற்றிய பிறகு கோடு வழுவழுப்பாக, பேனையால் எழுதியது போல வரும். அடி நூல் ஒரு இழை, சுற்று நூல் ஒரு இழை என்றால் தடிப்பும் கூடாது.

புள்ளிக்கு வருவோம். ஸ், ன், ட் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு முடிச்சுத்தான். இரண்டு இழை, ஊசியில் ஒரு சுற்று, எழுத்துக்கு மேலே 3 மி.மீ. உயரத்தில். இரண்டு சுற்றுப் போட்டால் 10 மி.மீ. எழுத்துக்குப் பெரிதாகிவிடும். ஊசி வெளியே வந்த அதே துளைக்குள் திரும்ப இறக்கினால் முடிச்சுத் துணிக்குள் போய்விடும். பக்கத்தில் ஒரு நூல் அளவு தள்ளி இறக்குங்கோ. நூலை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இறக்க வேணும், இல்லாவிட்டால் முடிச்சுக்கு வால் வரும்.

தைக்கத் தொடங்க முதல் ஒவ்வொரு பெயரையும் அவரவர் வீட்டார் எப்படி எழுதுகினம் என்று கேட்டு உறுதி செய்யுங்கோ. அன்ரனியா அந்தோனியா, ஸ்ரெலாவா ஸ்டெல்லாவா. சுற்றுத் தையல் போட்ட எழுத்தைப் பிரிக்கும்போது ஃபெல்ட்டின் மேல்த்தோல் பஞ்சு பஞ்சாக எழும்பும், பிறகு அதைப் படிய வைக்க ஏலாது.

நூற்கண்டு

அக்கா சொன்னதோடு பதிக்கும் முறையையும் சேர்த்துவிடுகிறேன். கடும் நிறத்தில் பென்சிலும் நீல மைப் பேனையும் தெரியாது. வெள்ளைச் சோக்குப் பென்சில் தெரியும், ஆனால் கை படப்பட அழிந்துகொண்டே போகும். சிறந்தது ரிசுப் பேப்பர், பரிசு சுற்றுகிற மெல்லிய தாள்.

வெள்ளை ரிசுப் பேப்பரில் நீரில் கரையாத மெல்லிய பேனையால் பெயரை எழுதி, மை முழுதாகக் காயவிடுங்கோ. பென்சிலால் எழுதினால் அதன் கரி வெள்ளை நூலில் ஏறி நூல் சாம்பலாகும். தாளை ஃபெல்ட்டின் மேல் வைத்து நாலு மூலையும் நீளத் தையலால் கட்டி, தாளையும் துணியையும் சேர்த்தே தையுங்கோ. சுற்று நூல் மட்டும் இப்போது வேண்டாம். பின் தையல் முடிந்ததும் கோட்டோரமாக ஊசி நுனியால் மெல்லக் கீறி, தையலைப் பெருவிரலால் அமத்திக்கொண்டு, தையலின் பக்கமாகத் தாளைக் கிழியுங்கோ. சுருளுக்குள் மிஞ்சுகிற துண்டை இடுக்கியால் எடுக்கலாம். சுற்று நூலும் புள்ளி முடிச்சும் தாள் போன பிறகு.

தாள் எடுத்த பிறகு தையல் தொளதொளக்கிறது என்றால், தைக்கும்போது நூலைத் தாளின் மேல் மட்டும் படிய விட்டிருக்கிறீங்கள் என்று அர்த்தம். ஒரு துளி கூட இழுத்துத் தையுங்கோ. அதற்காகத் துணி குழி விழும் அளவுக்கு இழுக்கவும் கூடாது.

நிற ரிசுப் பேப்பர் வேண்டாம். கைவியர்வை பட்டாலே அதன் சாயம் இறங்கும்.

மூதூர்க் கரை

ஃபெல்ட்டைப் பற்றியே பேசுகிறீங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் 3 அங்குல வளையத்திலேயே தைத்து, வளையத்தோடு தொங்கவிடுகிற முறைதான் இங்கே நல்லது என்பது என் கருத்து. பஞ்சு இல்லை, அதனால் ஈரம் தங்க இடமில்லை. எழுத்தும் நெசவுத் துணியில் ஃபெல்ட்டைவிடத் துல்லியமாக வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கீழே வைத்த தாள் தெரியும், ரிசுப் பேப்பர் வேலையே இல்லை.

செய்கிற முறை: வளையத்தைவிடச் சுற்றிவர 4 செ.மீ. கூடுதலாகத் துணி விடுங்கோ. துணியை முதலே கழுவிக் காயவைத்து அழுத்துங்கோ, சுருங்குகிறது அப்போதே சுருங்கட்டும். தைத்து முடிந்ததும் வளையத்துக்கு வெளியே 2 செ.மீ. விட்டு வெட்டி, ஓரத்தைச் சுற்றி ஓடு தையல் போட்டுச் சுருக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கோ. பின்பக்கத்தை மூட ஒரு ஃபெல்ட் வட்டம், அதில் ஆண்டைத் தைத்து, சுருக்கிய துணியோடு சேர்த்துச் சின்னச் சின்னதாகத் தைத்துவிடுங்கோ. பசை வேண்டாம். வெள்ளைப் பசை மாரியில் காய நாளெடுக்கும், காய்ந்த பிறகும் துணியில் மஞ்சள் வளையம் விடும். சூட்டுப் பசை வெயிலில் நிற்கிற வாகனத்துக்குள் இளகிவிடும்.

வெள்ளைத் துணியில் ஒரு எச்சரிக்கை. ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு நூலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனால் சிவப்புக் கோடு முன்னால் நிழலாகத் தெரியும். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக முடித்து, வாலைப் பின் தையலுக்கு அடியால் நாலைந்து தையல் தூரம் ஓட்டி வெட்டுங்கோ. ஃபெல்ட்டில் இந்தப் பிரச்சினை இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

நூற்கண்டு

வளையம் அழகுதான், மூதூர்க் கரை. ஆனால் அந்த வளையத்தின் திருகாணியைப் பாருங்கோ. கடற்காற்றில் அது துருப்பிடித்து, பக்கத்தில் இருக்கிற வெள்ளைத் துணியில் செம்மண் நிறம் இறக்கும். பரிசாகக் கொடுக்கிற சாமான் அடுத்த நத்தாருக்கும் எடுத்துக் கட்டக்கூடியதாக இருக்க வேணும். பித்தளைத் திருகாணி உள்ள மர வளையம் கிடைத்தால் மட்டும் இந்த முறை. இரும்பென்றால் நிறமில்லா நகப்பூச்சு இரண்டு பூச்சுப் பூசிக் காயவைத்த பிறகு துணியைப் பூட்டுங்கோ.

துரு என்றதும் இன்னொன்று. ஊசியையும் குண்டூசியையும் இரவு துணியில் குத்தியபடி விடக்கூடாது. இங்கத்தைய காற்றுக்கு ஒரு இரவே போதும், புள்ளி விழுந்துவிடும். வெள்ளைப் பருத்தியில் விழுந்த புள்ளிக்குத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் வைத்து வெயில் காட்டினால் மங்கும், ஆனால் பக்கத்திலுள்ள நிற நூலையும் அது வெளிறப் பண்ணும்.

மூதூர்க் கரை

திருகாணி விஷயம் சரி. அதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் பத்துப் பதினொன்று ஃபெல்ட், வெளிர் நிறம் கேட்கிற ஒன்றிரண்டுக்கு மட்டும் பித்தளைத் திருகாணி வளையம் என்று வைக்கலாம்.

பாலையூற்று

குறுக்குத் தையலில் செய்யலாமா? எட்டெட்டுச் சதுரமாக எண்ணித் தைக்கிறது சுகம், பதிக்கிற வேலையே இல்லை.

உப்புவெளி அக்கா

ஆங்கில எழுத்துக்குச் சுகம். தமிழ் எழுத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கோ, தங்கச்சி. சுருள் தெரிய ஒரு எழுத்துக்குக் குறைந்தது 10 கட்டம் உயரம் வேணும், அகலம் 10 முதல் 12. நாலெழுத்துப் பெயர் ஏறத்தாழ 45 கட்டம். குறுக்குத் தையலுக்கென்று கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில், 14 கட்டத் துணி என்றால் ஒரு அங்குலத்துக்கு 14 கட்டம், அப்போது 45 கட்டம் 8 செ.மீ.க்கு மேலே போகும். 18 கட்டத் துணியில் 6.4 செ.மீ. அப்போதும் வளைவு படிப்படியாகத்தான் நிற்கும். மானையோ நட்சத்திரத்தையோ குறுக்குத் தையலில் போட்டு, பெயரை அதே துணியில் பின் தையலால் எழுதுங்கோ. இரண்டும் சேர்ந்து நன்றாக வரும்.

மலர்க்கொடி

மான் என்றதும் கேட்கிறேன். வட துருவ மான் படம்தான் எல்லா இடமும் இருக்கு. எங்கட கோட்டையடிப் புள்ளிமானைப் போட்டால் சின்ன அளவில் தெரியுமா?

பாலையூற்று

தெரியும். பிரெட்ரிக் கோட்டை வாசலில் நிற்கிற மான் திருமலை ஆக்களுக்குப் பார்த்தவுடன் விளங்கும், வெளிநாட்டில் இருக்கிற ஆக்களுக்கு அது இன்னும் பெரிய பரிசு. உயரம் 2.5 செ.மீ. போதும். உடலை ஒரு இழைத் தண்டுத் தையலால் கோடாக மட்டும் கீறுங்கோ, நிரப்ப வேண்டாம். நிரப்புத் தையல் போட்டால் அதன் மேல் புள்ளி வைக்கும்போது நூல் விலகும். பழுப்பு நிற ஃபெல்ட்டில் மானை வெட்டி ஒட்டுத் துண்டாகத் தைத்துவிட்டு, அதன் மேல் வெள்ளைப் புள்ளி வைப்பது இன்னும் லேசு.

புள்ளிகள் ஒரு இழை வெள்ளை, ஒரு சுற்றுப் பிரெஞ்சு முடிச்சு. முதுகுக் கோட்டோடு ஒரு வரிசை நேராக, அதற்குக் கீழே கலைந்தபடி. பன்னிரண்டு, பதினைந்து புள்ளி போதும். கொம்பில் ஒரு பக்கத்துக்கு மூன்று கிளை: புருவத்துக்கு மேலே ஒன்று முன்னால், உச்சியில் இரண்டாகப் பிரியும். கொம்பு ஆண் மானுக்குத்தான். வட துருவ மானின் படர்ந்த கொம்பைப் போட்டுப் புள்ளி வைத்தால் எங்கட மானாகாது.

பெயரும் மானும் ஒரே பக்கத்தில் வருகிறதென்றால் மான் மேலே, பெயர் நடுவுக்குச் சற்றுக் கீழே. அக்கா சொன்ன 4 செ.மீ. கணக்கை அப்போது மறந்துவிடாதீங்கோ. யூட் மாதிரிச் சின்னப் பெயருக்கு மான் பொருந்தும். அன்ரனிக்கு இடம் போதாது, அதற்கு மேலே ஒரு நட்சத்திரம் மட்டும்.

சிவப்பு நூல்

நட்சத்திரத்துக்கு எல்லாரும் பொன் நிற மினுங்கல் நூலைத் தேடுவினம். அதை 30 செ.மீ.க்கு மேல் வெட்ட வேண்டாம். துணியால் ஊடுருவ ஊடுருவ மேற்பூச்சு உரிந்து, உள் நூல் வெளியே வரும். பாதியாக மடித்து, மடிப்பை ஊசிக் காதால் விட்டு, அந்தக் கண்ணிக்குள் ஊசி நுனியை நுழைத்து இறுக்கினால் நூல் வழுக்காது. இன்னும் நல்ல வழி, மினுங்கல் நூலைத் துணியின் மேலேயே வைத்து, ஒரு இழை மஞ்சள் நூலால் 3 மி.மீ.க்கு ஒரு இடம் குறுக்கே கட்டிக்கொண்டு போவது. மினுங்கல் நூல் துணிக்குள் போவது தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும்.

நிற இலக்கம்: டிஎம்சி கம்பனி நூலென்றால் சிவப்பு 321, பச்சை 699, தூய வெள்ளை பி5200. ஆங்கர் நூலில் வெள்ளை 1, கறுப்பு 403. சிவப்பு ஃபெல்ட்டில் பச்சை எழுத்து வேண்டாம். பகலில் தெரிந்தாலும் மின்குமிழ் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே கறுப்பாகிவிடும். சிவப்பில் வெள்ளை, பச்சையில் வெள்ளை அல்லது இளமஞ்சள், வெள்ளையில் சிவப்பு.

வெள்ளைத் துணியில் சிவப்பு நூல் போட முதல் சாயம் சோதிக்க வேணும். ஒரு விரல் நீள நூலை நனைத்து வெள்ளைக் கடதாசி ரிசுவில் அமத்துங்கோ. இளஞ்சிவப்பு இறங்கினால் அந்த நூல் கட்டு முழுவதையும் குளிர்ந்த நீரில், நீர் தெளியும்வரை அலசிக் காயவையுங்கோ. உப்புப் போட்டால், வினாகிரி ஊற்றினால் சாயம் பிடிக்கும் என்று சொல்வினம். கடைச் சாய நூலுக்கு அது உதவாது.

மத்திய வீதியிலும் பிரதான வீதியிலும் உள்ள தையல் சாமான் கடைகளில் இலக்கம் இல்லாத மலிவு நூலும் விற்கினம். ஓரத் தையலுக்கு அதை எடுக்கலாம், எழுத்துக்கு வேண்டாம். கொழும்பு போகிற ஆக்கள் இருந்தால் புறக்கோட்டை கெய்சர் வீதியில் இலக்கம் சொல்லி வாங்கச் சொல்லுங்கோ.

மலர்க்கொடி

வெள்ளைத் துணிக்கு, சூடு காட்டினால் அழிகிற பேனை பாவிக்கலாமா? பைலட் ஃபிரிக்ஷன் ஒன்று கையில் இருக்கு.

மூதூர்க் கரை

இங்கேயே இருக்கப் போகிற சோடனை என்றால் பாவியுங்கோ. கனடா போகிறதுக்கு வேண்டவே வேண்டாம். அந்த மை 60 பாகை சூட்டில் நிறமிழக்கும், துணியை விட்டுப் போகாது. குளிர் −10 பாகைக்குக் கீழே இறங்கும்போது திரும்பத் தெரியத் தொடங்கும். மார்கழியில் பார்சல் வெளியே கிடந்தால் நீங்கள் கீறிய கோடு முழுதும் வெள்ளைத் துணியில் எழும்பி நிற்கும்.

தண்ணீரில் போகிற நீலப் பேனை பாதுகாப்பானது. ஒரு நிபந்தனை: தைத்து முடித்ததும் முதலில் குளிர்ந்த நீரில் அலசிக் கோடு முழுதாகப் போன பிறகுதான் அழுத்த வேணும். கோட்டின் மேல் சூடு பட்டால் பழுப்பாகி நிலைத்துவிடும். ஊதா நிறத்தில் தானாக மறைகிற பேனை இந்த ஈரக் காற்றில் ஒரு பெயர் முடிய முதலே மறையும். கந்தோர்க் காபன் தாள் பக்கமே போகாதீங்கோ, அதன் எண்ணெய் மை வெள்ளைத் துணியை விடாது.

அழுத்தும்போது தையலைக் கீழ்ப்பக்கமாக, தடித்த துவாயின் மேல் வைத்து. முடிச்சுகள் துவாய்க்குள் பதியும், நசுங்காது. செயற்கை ஃபெல்ட்டை நேரடியாக அழுத்தினால் மினுமினுத்து உருகும். மேலே ஒரு பருத்தித் துணி, குறைந்த சூடு, ஐந்தாறு செக்கன்.

நூற்கண்டு

இனிச் சேர்க்கிற வேலை. முன்பக்கத்தை முதலில் வெட்டுங்கோ. கத்தரிக்கோலைத் திருப்பாமல் துணியைத் திருப்பினால் வட்டம் வட்டமாக வரும். பின்பக்கத்தை வட்டக் கோட்டில் வெட்டக் கூடாது. வெட்டிய முன்துண்டையே அதன் மேல் வைத்து, அச்சாகக் கீறி வெட்டுங்கோ. இரண்டும் தனித்தனியாக இழுபட்டிருக்கும், கோட்டில் வெட்டினால் ஓரம் பொருந்தாது. அதற்கு முதல் இரண்டு துண்டிலும் மேற்பக்கம் எதுவென்று ஒரு நிற நூலால் அடையாளம் போடுங்கோ. பெயர் நேராகத் தொங்கி ஆண்டு சரிந்து நிற்பது இதைச் செய்யாததால்தான்.

நாடா 3 மி.மீ. அகலம், 16 செ.மீ. நீளம். மடித்து, இரண்டு முனையும் 1.5 செ.மீ. உள்ளே போகும்படி பின்துண்டின் உட்பக்கத்தில் தைத்துவிடுங்கோ. ஓரத் தையல் மட்டும் நாடாவைத் தாங்காது, பிள்ளைகள் இழுத்தால் வந்துவிடும்.

ஓரம்: 6.8 செ.மீ. வட்டத்தின் சுற்றளவு 21.4 செ.மீ. கம்பளித் தையல் 4 மி.மீ. இடைவெளி, 4 மி.மீ. ஆழம் என்றால் ஏறத்தாழ 53 தையல். இரண்டு இழையில் ஒரு மீற்றருக்குக் கிட்ட நூல் போகும். அதை ஒரே நீளமாக வெட்டினால் சிக்கும், இரண்டு 60 செ.மீ. துண்டாக வெட்டுங்கோ. 8 மீற்றர் நூல் கட்டு ஒன்றில் ஆறு இழை, இரண்டிரண்டாகப் பிரித்தால் 24 மீற்றர். ஒரு நூல் கட்டால் இருபது சோடனையின் ஓரம் முடியும், உங்களுக்கு ஒன்று போதும்.

தொடக்க முடிச்சு இரண்டு துண்டுக்கும் நடுவில் மறைய வேணும். நாடாவுக்குப் பக்கத்தில் தொடங்கிச் சுற்றி வந்து, 3 செ.மீ. மிஞ்சும்போது நிறுத்திப் பஞ்சை அடையுங்கோ. பொலியெஸ்டர் பஞ்சு, ஒரு சோடனைக்கு 3 கிராம் போதும். கூட அடைத்தால் ஓரத் தையல் விரிந்து பல்லுப் பல்லாகத் தெரியும், பெயரும் புடைத்து வளையும். இலவம் பஞ்சு வீட்டில் இருக்கிறதென்று அதைப் போட வேண்டாம், ஊசித் துளையால் தும்பு தும்பாக வெளியே வரும்.

பாலையூற்று

குழந்தையின் முதல் நத்தாருக்குச் செய்கிறதென்றால் மணி, பொத்தான், பளிங்குக் கல் எதுவும் தைக்காதீங்கோ. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை பிடுங்கி வாயில் போடும். எல்லாம் நூலாலேயே இருக்கட்டும். நாடாவும் குட்டையாக.

மலர்க்கொடி

பூஞ்சணத்துக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே?

உப்புவெளி அக்கா

நாளைப் பொறுத்தது அது. தைக்கிற வேலையை ஐப்பசிக்குள் முடித்துவிடுங்கோ. கார்த்திகை பிறந்தால் காற்றிலேயே ஈரம் நிற்கும், கழுவிய துணி உட்பக்கம் காயாது. பஞ்சு அடைக்கிற நாள் மழை விட்ட, வெயில் எறிக்கிற நாளாகப் பாருங்கோ. அடைக்கிற பஞ்சையும் தைத்த துண்டுகளையும் அன்று காலை நிழலில் இரண்டு மணித்தியாலம் காற்றாட விட்டு, பின்னேரம் மூடித் தையுங்கோ. ஈரம் உள்ளே அகப்பட்டால் பூஞ்சணம் உள்ளிருந்து வரும், வெளியே கறுப்புப் புள்ளி தெரியும்போது நேரம் பிந்திவிடும்.

வைக்கிறது இறுக்கி மூடுகிற பெட்டியில், பிஸ்கற் ரின் போதும். ஒவ்வொன்றையும் வெள்ளை ரிசுப் பேப்பரில் சுற்றி, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்று போடுங்கோ. பொலித்தீன் பையில் தனித்தனியாகக் கட்ட வேண்டாம். அரிசி போடச் சொல்கிற ஆக்களும் இருக்கினம். அரிசி வண்டைக் கூப்பிடும்.

கனடாப் பார்சலுக்கு, சோடனையைத் தட்டையாக வைத்து இரண்டு பக்கமும் மட்டை கொடுத்துக் கட்டுங்கோ. நாடாவைச் சோடனையின் பின்பக்கம் மடித்து வைத்தால் முன்னால் தடம் விழாது. பஞ்சு அமுங்கி வந்தால், பார்சலை அவிழ்த்து ஒரு இரவு வீட்டுக்குள் திறந்து வைத்தால் திரும்ப எழும்பும் என்று ஒரு துண்டில் எழுதிவிடுங்கோ.

சிவப்பு நூல்

நாடாவின் முனை நூல் நூலாகப் பிரியாமலிருக்க, அதை மெழுகுதிரிச் சுவாலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தால் போதும், சுவாலைக்குள் விட்டால் கறுக்கும். பருத்தி நாடாவுக்கு இது சரிவராது, அது எரியும்.

மலர்க்கொடி

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. கடைசியாக ஒன்று. நாங்கள் பிளாஸ்ரிக் மரம் வைப்பதில்லை, சவுக்குக் கிளைதான் வெட்டி வைக்கிறது. அதில் இந்தச் சோடனை நிற்குமா?

நூற்கண்டு

6.8 செ.மீ. சோடனை பஞ்சோடு ஏறத்தாழ 8, 10 கிராமுக்குள் வரும். சவுக்கின் பச்சை நுனி அதையும் தாங்காது, தொங்கி வழுக்கி விழும். கண்ணியைக் கிளையில் கொழுவாமல், நாடாவை மடிக்காமல் இரண்டு வாலாகத் தைத்து விடுங்கோ, ஒவ்வொன்றும் 12 செ.மீ. பென்சில் தடிப்புள்ள மரக் கிளையில், சின்னக் கிளை பிரிகிற கவட்டுக்கு உட்பக்கமாக ஒரு முடிச்சும் அதற்கு மேல் ஒரு பூமுடிச்சும் போட்டுக் கட்டினால் அசையாது. வெட்டிய கிளை வாளித் தண்ணீரில் நிற்கிறதென்றால், அடிக் கிளைகளில் சோடனை வேண்டாம். சொட்டுகிற ஈரம் முதலில் அங்கேதான் ஏறும்.